சிவகிரியின் ஓ.பி. வரிசையில் குடிநோய்

குடிநோய்க்குச் சிகிச்சை என்றதும் தென் மாவட்டங்களில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, ஊருக்கு வெளியே சுற்றுச்சுவரும் பூட்டிய கதவுமாக நிற்கும் ஒரு ‘மையம்’. குடிப்பவரை மைத்துனரும் பங்காளிகளுமாக நாலு பேர் சேர்ந்து வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மூன்று மாதப் பணத்தை முன்னதாகக் கட்டிவிட்டு வருவதே சிகிச்சை என்றும், அங்கிருந்து திரும்பியவர் திருந்தி வந்தவர் என்றும் கருதும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. எளியதும் செலவு குறைந்ததும் பெரும்பாலான குடிநோயாளிகளுக்குப் போதுமானதுமான இன்னொரு வழி இந்த வழக்கத்தால் கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. வீட்டில் இருந்தபடியே, பக்கத்து அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை பெற்று, குறித்த நாளில் மறுபடியும் வந்து காட்டிச் செல்லும் புறநோயாளி சிகிச்சைதான் அந்த வழி.

சிவகிரியை வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே இருக்கும் இந்தப் பேரூராட்சி, முன்பு திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து, பிறகு தனி வட்டத்தின் தலைமையிடமாகி, 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளையும் பூமி. வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் சுமை தூக்குவதிலும் நாள் கூலி பார்ப்பவர்கள் மிகுதி. மாவட்டத் தலைநகரான தென்காசி ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடவும் தள்ளி. ஒரு முறை போய்வருவதற்கே ஒரு நாள் கூலியும் இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணமும் போய்விடும் என்றால், மாதம் இரு முறை வீதம் ஓராண்டுக்கு வர வேண்டிய நோயாளி மூன்றாவது முறையோடு நின்றுவிடுவதற்கு அவருடைய மனஉறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிகிச்சை எத்தனை பேரை எட்டுகிறது என்பதற்கு நாடு தழுவிய கணக்கு ஒன்று உண்டு. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. மது இல்லாமல் உடலும் மனமும் இயங்க மறுக்கும் நிலையான மதுச் சார்பை அடைந்தவர்களில் 38 பேரில் ஒருவரே எவ்வகைச் சிகிச்சையாவது பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை படுக்கைகளைக் கூட்டினாலும் இந்த இடைவெளி அடையாது என்பது புலப்படும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24-ஆம் ஆண்டில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம். விற்பனைக்கு ஊர் தோறும் ஏற்பாடு இருக்கும்போது, சிகிச்சைக்கு மட்டும் மாவட்டத் தலைநகருக்கு வா என்பது நியாயமாகாது.

சிகிச்சையின் முதல் வேலை, எவ்வளவு குடிக்கிறார் என்று அறிவது. உலக சுகாதார நிறுவனம் 1980-களின் இறுதியில் உருவாக்கிய, பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ என்னும் வினாப் பட்டியல் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ என்றால் கேடு தரும் குடி, இருபதைத் தொட்டால் சார்புநிலையாக இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். பட்டியல் கேட்பது ‘எத்தனை டிரிங்க்ஸ்’ என்பதை; ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் விடையோ “ஒரு குவாட்டர்தான் சார்” என்பதாக இருக்கும். அந்தத் ‘தான்’ என்பதில் உள்ள பணிவை நம்பி ஒன்று என்று எழுதிக்கொண்டால் கணக்கு தவறிவிடும். குவாட்டர் என்பது 180 மி.லி.; கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்ககாலின் அளவு 42.8 விழுக்காடு, ஆகவே ஒரு குவாட்டரில் 77 மி.லி. தூய ஆல்ககால், எடையில் சுமார் 60 கிராம். பத்து கிராமை ஓர் அளவு என்று உலக சுகாதார நிறுவனம் கொள்வதால், சிவகிரியின் ‘ஒரே ஒரு குவாட்டர்’ படிவத்தில் ஆறாகப் பதிவாக வேண்டும். ‘கட்டிங்’ என்று இருவர் பங்கு போட்டுக்கொள்ளும் அரைக் குவாட்டர்கூட மூன்று. இந்தக் கணக்கை நோயாளிக்கு எதிரிலேயே காகிதத்தில் போட்டுக் காட்டுவது அரைமணி நேர அறிவுரையைவிட ஆழமாகத் தைக்கக்கூடியது.

அடுத்தது நிறுத்துவது. பல ஆண்டுகள் நாள் தவறாமல் குடித்த உடலில் மூளை மது உண்டாக்கும் மந்தத்துக்கு ஈடுகட்டித் தன் இயக்கத்தை முடுக்கி வைத்திருக்கும். மது திடீரென்று நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். அதன் வெளிப்பாடுகளே விலகல் அறிகுறிகள். கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், சிறுபான்மையோருக்கு, இடமும் ஆளும் தெரியாமல், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதைக் கண்டு அலறும் கடும் மனக்குழப்பம் ஏற்படும். ஊர் வழக்கில் இதை ஜன்னி என்பார்கள். “ராத்திரி பூரா உதறிக்கிட்டே கெடந்தாவ, விடியக்காலம் என்னையவே யாருன்னு கேக்காவ” என்று ஒரு மனைவி சொல்வது மருத்துவருக்கு நோயின் கால அட்டவணையையே கையில் கொடுப்பதற்குச் சமம். குடியை நிறுத்தினால் செத்துப்போவார் என்ற அச்சம் கிராமங்களில் பொய்யாகப் பரவவில்லை. மருந்தில்லாமல் நிறுத்தி, கவனிப்பில்லாமல் விட்டால் அதற்கு இடமுண்டு. டாஸ்மாக் கடை திறப்பது நண்பகல் 12 மணிக்கு. நடுக்கமோ விடியற்காலையில் வந்துவிடுகிறது. இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் சந்துக்கடைகளும் கள்ளச் சாராயமும் பிழைக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது நினைவில் இருக்க, விடிகாலை நடுக்கத்தை வெறும் ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது பேதைமை.

இந்த அறிகுறிகள் அத்தனைக்கும் மருத்துவமனையில் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்பு வலிப்போ ஜன்னியோ வந்தவர், கல்லீரல் பழுதாகி மஞ்சள் காமாலையோடு இருப்பவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோரைச் சேர்த்தே ஆக வேண்டும். ஏனையோருக்குக் குளோர்டையாசிபாக்சைடு அல்லது டையாசிபாம் போன்ற மாத்திரைகளை முதல் நாள் உரிய அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்து முதல் பத்து நாட்களில் நிறுத்திவிடும் முறை போதும். கல்லீரல் தளர்ந்தவர், முதியவர் என்றால் லோராசிபாம் பாதுகாப்பானது. இவற்றோடு தயமின் என்னும் பி1 வைட்டமின் கட்டாயம் சேர வேண்டும். குடிநோயாளியின் உடலில் அது வற்றிப்போயிருக்கும், அந்நிலையில் தயமினைக் கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படவும் கூடும். சோர்ந்து கிடப்பவருக்கு ‘ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று உறவினர் கேட்பதும், கிளினிக்கில் உடனே ஏற்றிவிடுவதும் எங்கும் உள்ள நடைமுறை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும், விலகலுக்குத் தரும் மாத்திரைகளே பழக்கமாகக் கூடியவை. ஆகவே பத்து நாள் மாத்திரையை மொத்தமாகக் கொடுக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு வீதம் கொடுத்து, அதையும் நோயாளியின் கையில் தராமல் மனைவியிடமோ தாயிடமோ ஒப்படைத்து, அடுத்த சீட்டுக்கு ஆளை நேரில் வரவழைப்பதே சரி. தொடக்க வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டியவருக்கு மருத்துவமனை பக்கத்தில் இருப்பது வசதி சார்ந்த விஷயமாக நின்றுவிடாமல், சிகிச்சையின் பாதுகாப்பே அதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இந்தப் புறநோயாளி முறை தங்கும் சிகிச்சைக்குத் தாழ்ந்ததா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று 1989-இலேயே விடை தந்தது. மிதமான விலகல் அறிகுறிகள் கொண்ட 164 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைப் படுக்கையிலும் மறு பகுதியினரைப் புறநோயாளிகளாகவும் நடத்தினார்கள். விலகல் சிகிச்சையான நச்சு நீக்கத்தை முழுமையாக முடித்தவர்கள் உள்நோயாளிகளில் 95 விழுக்காடு, புறநோயாளிகளில் 72 விழுக்காடு. இது உள்நோயாளிகளுக்குச் சாதகமான எண். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குடியின் அளவில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லாதிருந்தது, செலவோ படுக்கைச் சிகிச்சையில் பத்து மடங்கை ஒட்டியிருந்தது. பூட்டிய கதவுக்குள் ஆறு நாளோ ஒன்பது நாளோ கழிப்பதன் பயன் கதவு திறந்த பிறகு நீடிப்பதில்லை என்பதே இதிலிருந்து கொள்ளத் தக்க முடிவு.

சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயை நோயாகவே நடத்திய இந்திய நிறுவனங்களில் முதன்மையானது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நகரத்து மருத்துவமனைக்குக் கிராமத்து நோயாளி வர முடியாது, வந்தாலும் தொடர முடியாது என்று கண்ட அந்நிறுவனம், 1989-இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பதினைந்து நாள் சிகிச்சை முகாமை ஊருக்குள்ளேயே நடத்தியது. மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் ஊருக்குப் போனார்கள்; நோயாளியின் குடும்பத்தாருக்கும் தனி அமர்வுகள் இருந்தன; முகாம் முடிந்தபின் தொடர் கண்காணிப்பும் அங்கேயே நடந்தது. முகாம் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் புறநோயாளி சேவை அல்ல. ஆயினும் சிகிச்சையை நோயாளி நடமாடும் தெருவுக்கே கொண்டுவந்ததாலும், ஊரார் கண் முன்னே ஒருவர் தெளிந்து நிற்பதால் அடுத்த முகாமுக்கு ஆள் தானாக வந்ததாலும், சிவகிரி போன்ற ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய மாதிரி அங்கேதான் இருக்கிறது.

மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குக் கோவாவில் நடந்த சோதனை வழி காட்டுகிறது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத் துறைப் பட்டம் எதுவுமற்ற உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, கேடு தரும் அளவில் குடிக்கும் 377 ஆண்களில் ஒரு பாதியினருக்கு அதிகம் போனால் நான்கு அமர்வுகள் ஆலோசனை தரச் செய்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாத முடிவில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் கேட்டின் எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. கடைசி இரு வாரம் அறவே தொடாதவர்கள் முறையே 42, 18 விழுக்காடு. இவர்கள் முற்றிய சார்புநிலையில் இருந்தவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பத்தாண்டு கழித்து முற்றிய நிலையில் வேனில் ஏற்றப்படவிருந்தவர்கள் இவர்களில் பலர். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வருபவரிடம் குடியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான சட்டகம் இல்லாமல் இல்லை. 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. மாவட்டத்து மனநல மருத்துவர் குழு, வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சுற்றி வருவது அதன் நடைமுறை. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை மாநில அரசு திறந்தது. பெரிய மருத்துவமனைகளில் இவை இருப்பது நல்லதே. வட்ட அளவில் நடக்க வேண்டியவை இவற்றைவிடச் சிறியவை. வெளிப்பார்வைக்கு அற்பமாகவும் தோன்றக் கூடியவை. மனநல மருத்துவர் வரும் கிழமை மருத்துவமனை வாசலில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமை உள்ளூர்ச் சந்தை நாளாகவோ கூலி பட்டுவாடா நாளாகவோ இருக்கக் கூடாது. ‘குடியை விட வந்தவங்க இந்தப் பக்கம்’ என்று வரிசையில் உரத்துக் கூவும் பணியாளர் ஒருவர் போதும், பாதிப் பேர் மறுமுறை வரமாட்டார்கள். ‘யார் மகன்’ என்று கேட்டு மூன்று தலைமுறையைச் சொல்லிவிடும் ஊர் இது. 1935-இல் அமெரிக்காவில் தோன்றி 1957 வாக்கில் இந்தியாவுக்கு வந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளிகள் கூட்டமைப்பு பெயர் வெளியிடாமையை அடிப்படையாக வைத்திருப்பது பெருநகரங்களில் எளிது, சிற்றூரில் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். மருந்து தரும் சன்னலில் இருப்பவர் “அண்ணாச்சி, அடுத்த வியாழக்கிழமை மறக்காம வந்திருங்க” என்று சர்க்கரை நோயாளிக்குச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டால், வந்தவரின் கூச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கழன்றுவிடும். சொன்ன வியாழக்கிழமை வராதவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு போவதும் சிகிச்சையின் பகுதியே. நோயின் போக்கிலேயே மீண்டும் குடிப்பது அடங்கியிருக்கிறது என்பதால், வராத வாரம் பெரும்பாலும் குடித்த வாரமாக இருக்கும், குடித்தவர் வெட்கத்தால் வராமல் இருந்துவிடுவார்.

இந்த இடத்தில், குடும்பங்கள் நம்பிக்கையோடு நாடும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரம் பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழ் ஓரங்களிலும் ஆண்டாண்டாக இருந்துவருகிறது. மருத்துவத்தில் டைசல்பிராம் என்ற மாத்திரை உண்டு. ரப்பர் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருளாக இருந்து, அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனது கவனிக்கப்பட்டு, பின்னர் 1948-இல் டென்மார்க்கில் குடிநோய் மருந்தாக அறிமுகமானது. உடலில் ஆல்ககால் சிதையும் பாதையை அது நடுவழியில் அடைத்துவிடுவதால், அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் மூச்சுத்திணறலும் வரும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு உயிராபத்து. சம்மதத்தோடு, குடித்தால் என்ன நேரும் என்று அறிந்து, மனைவியின் முன்னிலையில் தினமும் விழுங்குபவருக்கு அது நல்ல துணை. தெரியாமல் கலந்து கொடுத்தால் நஞ்சுக்கு நிகர். குடியின் மீதான வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், நிறுத்திய நிலையை நீடிக்க உதவும் அகாம்புரோசேட் ஆகியவை இந்த அச்சுறுத்தல் இல்லாதவை; இவையும் நோயாளி தானாக விழுங்கினால்தான் வேலை செய்யும். சம்மதத்தின் இன்றியமையாமை மருந்தோடு நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் கொண்டது. எனவே ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு. மைத்துனர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது மையங்களின் வழக்கமாக இருக்கலாம், சட்டம் அதுவல்ல.

ஊரின் சொந்த வழிமுறைகளைப் புறக்கணித்துவிட்டு இங்கே எந்தச் சேவையும் நிலைக்காது. குடியை விடுவதாகச் சாமி முன்னிலையில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் தென் மாவட்டங்களில் பரவலானது. அதைவிடப் பெரிய நிகழ்வு, கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போடுவது. செங்கோட்டை வழியாகச் சபரிமலை செல்லும் சாலை சிவகிரியின் ஊடே போகிறது, மாலை போட்டவர்கள் இல்லாத தெரு அந்தப் பருவத்தில் அரிது. ஆண்டு முழுவதும் குடித்தவர், மாலை போட்டபின் ஒரு மண்டலம், அதாவது 41 நாள், சொட்டுக்கூடத் தொடமாட்டார். மருத்துவர்களில் சிலர் இதை ‘முடிந்தால் விடலாம் என்பதற்கு ஆதாரம்’ என்று நோயாளியைக் குத்திக்காட்டப் பயன்படுத்துவதுண்டு. அதைவிட உருப்படியான பயன் இரண்டு. முதலாவது, நாள்தோறும் குடித்தவர் கார்த்திகை பிறந்ததும் சட்டென்று நிறுத்துவதால், மாலை போட்ட முதல் இரண்டு நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் வரும் அபாயம் உண்டு. ஐப்பசிக் கடைசி வாரத்தில் ஓ.பி.க்கு வரும் ஒவ்வோர் ஆணிடமும் மாலை போடப் போகிறாரா என்று கேட்டு, தேவையானவருக்குத் தயமினும் ஒரு வார மாத்திரைத் திட்டமும் கொடுத்துவிடலாம், குருசாமிகளிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். இரண்டாவது, மாலையைக் கழற்றும் நாளே பலருக்கு மறுபடியும் தொடங்கும் நாள். விலகல் அறிகுறிகள் முழுதும் அடங்கி, தூக்கமும் பசியும் திரும்பி, தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் அவர் இருக்கும் அந்த மார்கழி மாதத்தில், கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, அவர் சம்மதித்தால் மலைக்குப் புறப்படும் முன்பே அகாம்புரோசேட்டையோ நால்ட்ரெக்சோனையோ தொடங்கி, திரும்பி வரும் வாரத்துக்கு ஓ.பி. தேதியும் குறித்துக் கொடுத்துவிட முடியும்.